பகல் பதினோரு மணிக்கு யார் ஜாகா (காவல்)?

எங்கள் தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) பூம் கேட், அதாவது ரோட்டில் தூக்கி இறக்கும் கட்டை, போடுவதற்கான பாரத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாட்ஸ்அப் குழுவில் பெயர் சொல்லாமல் குத்திக் காட்டுகிறார்கள், "ஒரு சிலர் ஒத்துழைக்காத காரணத்தால்" என்று. அந்த ஒரு சிலர் நான்தான். காரணத்தை அங்கேயே எழுதலாம், ஆனால் பத்து நிமிடத்தில் நாலு கட்டைவிரலும் இருபது காலை வணக்கப் பூவும் வந்து மூடிவிடும். அதனால் இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

ஊர் தெரியாதவர்களுக்கு: மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் பெஸ்தாரி ஜெயா. 2007-இல் பெயரை மாற்றினார்கள். எங்கள் வாயில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். நூற்றுச் சொச்சம் தரை வீடுகள். முன்பக்கம் பெரிய ரோடு, பின்பக்கம் செம்பனை (எண்ணெய்ப் பனை). பாதிக்கு மேல் தோட்டத்து ஆட்கள். கித்தா (ரப்பர்) மரத்தைச் சாய்த்துச் செம்பனை வைத்தபோது வேலையும் போய் லயத்து வீடும் போய், கடன் வாங்கி இங்கே வந்து சேர்ந்தவர்கள். அதனால் இந்த வீடுகள்மேல் எங்களுக்குக் கொஞ்சம் கூடுதல் பயம் உண்டு. இருப்பதே இது ஒன்றுதானே.

போன வருஷம் தைப்பூசத்துக்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் தையல் வேலை செய்பவள். வெளிச்சத்துக்காக மெஷினை முன் ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கிறேன். பகல் பதினோரு மணி இருக்கும். எதிர்வீட்டு டீச்சர் வீட்டு முன்னால் ஒருவன் மோட்டார் சைக்கிளை நிறுத்தினான். மஞ்சள் மேலங்கி, வெள்ளை ஹெல்மெட், தோளில் சுருட்டிய கேபிள், கையில் அட்டையில் செருகிய தாள். இரண்டு முறை பெல் அடித்தான். செருப்பு அடுக்கைப் பார்த்தான். கேட் கம்பியில் யாரோ செருகிவிட்டுப் போன விளம்பரத் தாள்களை எடுத்துப் புரட்டினான். டீச்சர் அதையெல்லாம் எடுப்பதே இல்லை, வாரக்கணக்கில் கிடக்கும். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? பரவாயில்லையே, இன்டர்நெட் இல்லை என்று டீச்சர் ஒரு வாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார், ஒருவழியாக ஆள் வந்துவிட்டான் என்று.

அவன் வீட்டைச் சுற்றிப் பின்சந்துப் பக்கம் போனான். நான் ஒரு ரவிக்கைக்குக் கழுத்து வெட்டி, பைப்பிங் வைத்து முடிக்கிற நேரம். திரும்பி வரும்போது கையில் துணிக்கூடை, மேலே ஒரு துண்டு. என்னைப் பார்த்தான். தலையை ஆட்டினான். நானும் ஆட்டினேன். போகும்போது கேட்டைச் சாத்தி, கொண்டியைப் போட்டுவிட்டுப் போனான் பாருங்கள், அதுதான் இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

பின்கதவு கிரில் பூட்டை வெட்டியிருந்தான். லேப்டாப், மகள் பேரில் சேர்த்த உண்டியல், சாமி மேடையில் இருந்த வெள்ளி விளக்கு, நகை. நகையில் பாதி தப்பியது, ஏனென்றால் அது அடகுக் கடையில் இருந்தது. "வட்டி கட்டினது வீண் போகலைக்கா" என்று டீச்சர் அழுதுகொண்டே சிரித்தார். போலீஸ் வந்து, யாராவது பார்த்தீர்களா என்று கேட்டபோது நான் கை தூக்கினேன். முழுசாகப் பார்த்த ஒரே ஆள் நான்தான்.

அதற்கு அடுத்த வாரமே இரவு ரோந்தைக் கூட்டினார்கள். பதினொன்றிலிருந்து மூன்று வரை இருந்தது, பத்திலிருந்து நான்கு வரை ஆனது. டார்ச் லைட் புதுசு, விசில் புதுசு. நடந்தது பகல் பதினோரு மணிக்கு, காவல் ராத்திரி பதினோரு மணிக்கு. இதைக் கூட்டத்தில் சொன்னபோது சிரித்தார்கள், நான் ஏதோ ஜோக் அடித்த மாதிரி.

ரோந்து போகும் அண்ணன்மாரை நான் குறை சொல்லவில்லை. எட்டு மணி நேரம் வேலை செய்துவிட்டுத் தூக்கத்தை விட்டு நடக்கிறார்கள். மோட்டார் திருட்டு குறைந்ததற்கு அவர்கள்தான் காரணம். ஒரு காலத்தில் இங்கே ஹோண்டா ஈ.எக்ஸ். 5 வாங்கினால் சங்கிலியும் சேர்த்து வாங்க வேண்டும். ருக்குன் தெத்தாங்கா என்ற அக்கம்பக்கத்துக் காவல் அமைப்பு 1975-இல் தொடங்கியது. அப்போது ஆண்களுக்கு ரோந்து கட்டாயம். என் மாமனார் ரவாங்கில் இருந்தவர். அட்டவணையில் பெயர் விழுந்தால் காய்ச்சல் என்றாலும் போயாக வேண்டுமாம். 2012-இல் தனிச் சட்டமே வந்தது, இப்போது ரோந்து விருப்பப்பட்டுச் செய்வது. ஆனால் காவல் என்றாலே ராத்திரி, ஆம்பளை, டார்ச் லைட் என்ற படம் மட்டும் அந்தக் காலத்திலிருந்து அப்படியே நிற்கிறது.

இங்கே வந்து ஒரு நாள் என் ஜன்னலில் உட்கார்ந்து பாருங்கள். விடிகாலை ஐந்தரைக்குக் கம்பெனி பஸ் வரும். ஆறே முக்காலுக்குத் தமிழ்ப்பள்ளி வேன். எட்டு மணிக்குத் தெருவில் பூனைதான். அதன்பிறகு இருப்பவர்கள் யார்? மூட்டு வலிக்காரப் பாட்டிகள், கைக்குழந்தைக்காரிகள், இரவு ஷிப்ட் முடித்துத் தூங்குகிறவர்கள், நாசி லெமாக் விற்றுவிட்டுப் பாத்திரம் கழுவும் அக்கா, நான். திருடனுக்கு இந்த அட்டவணை தெரியும். எங்கள் குழுவுக்குத் தெரியாது. எங்களில் ஒருத்தியைக்கூடத் தாமான் செயற்குழுவில் சேர்க்கவில்லை.

சரி, பூம் கேட்டுக்கு வருகிறேன். வீட்டுக்கு மாதம் 60 வெள்ளி (ரிங்கிட்), வருஷத்துக்கு 720. அதற்கு முன்பக்கம் ஒரு கட்டை, ஒரு கொட்டகை, இரண்டு ஷிப்ட் ஜாகா. டீச்சர் வீட்டுக்கு வந்தவனை நினைத்துப் பாருங்கள். மஞ்சள் அங்கியும் ஹெல்மெட்டுமாக வந்தவனுக்கு ஜாகா கட்டையைத் தூக்கி சல்யூட்டும் அடித்திருப்பார். கேள்வி கேட்க வேண்டுமென்றால், டீச்சர் வீட்டில் இன்று பகல் ஆள் இருக்கிறார்களா, யாரையாவது வரச் சொன்னார்களா என்று அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எதிர்வீட்டில் பதினோரு வருஷமாக இருக்கும் எனக்கே தெரியவில்லை. பின்பக்கச் செம்பனைக்கோ கட்டையே கிடையாது.

இன்னொன்று, அந்த ரோடு நம்முடையது இல்லை, பொது ரோடு. 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி பொது ரோட்டில் தடை போடுவது குற்றம். இப்படிக் காவல் வைக்கும் குடியிருப்புகளுக்கென்று 2010-இல் அரசாங்கம் வழிகாட்டியும் போட்டது. காசு கட்டாதவரைத் தடுக்க முடியாது. இதைச் சொன்னவுடன் செயலாளர் 2015-ஆம் ஆண்டுக் கூட்டரசு நீதிமன்றத் தீர்ப்பை எடுத்துப் போட்டார். அது உண்மையான தீர்ப்புதான், மறுக்கவில்லை. காசு கட்டாத வீட்டுக்காரர் தன் கையாலேயே கட்டையைத் தூக்கிக்கொண்டு போகச் சொன்னார்கள், அவர் வழக்குப் போட்டார், தோற்றார். அது சிரமம்தான், தடை ஆகாது என்றது நீதிமன்றம். சரி. எங்கள் மூலை வீட்டுப் பாட்டி சமூகநல உதவிப் பணத்தில் வாழ்கிறவர், 60 வெள்ளி கட்ட முடியாது. மழையில் பேரன் மோட்டாரிலிருந்து இறங்கி அவர் கட்டையைத் தூக்க, பக்கத்தில் ஜாகா குடை பிடித்துக்கொண்டு பார்த்து நிற்பார். சட்டப்படி அது சிரமம் மட்டும்தான்.

கேட் என்ற வார்த்தைமேலேயே எனக்குக் கொஞ்சம் ஒவ்வாமை, அதையும் ஒத்துக்கொள்கிறேன். 1948 முதல் 1960 வரை மலாயாவில் அவசரகாலம். தோட்டத்து ஆட்களை முள்வேலிக்குள் கொண்டுவந்து அடைத்தார்கள், காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாது என்று. எங்கள் ஆத்தா கேட்டில் தூக்குச் சட்டியைத் திறந்து காட்டிவிட்டுத்தான் பால் வெட்டப் போக வேண்டும். "எல்லாம் உங்க பாதுகாப்புக்குத்தான்னு சொன்னாங்க" என்பார், வெற்றிலையை மடித்துக்கொண்டே. அதற்குமேல் எதுவும் சொல்ல மாட்டார்.

இப்போது சொல்லப்போவது குழுவில் பலருக்குப் பிடிக்காது. ஏப்ரலில் ரோந்துக்காரர்கள் இரவு பத்தரைக்குப் பின்சந்தில் ஓர் இந்தோனேசியப் பையனைப் பிடித்தார்கள். இரண்டு அறை விழுந்தது. கையைக் கட்டி உட்கார வைத்து வீடியோ எடுத்துக் குழுவில் போட்டார்கள். பாலாய்க்கு (போலீஸ் நிலையத்துக்கு) போன் போனது அதற்கப்புறம்தான். அவன் அன்று மதியம் அதே சந்தில் புல் வெட்டியவன். கைப்பேசி விழுந்துவிட்டது, தேட வந்திருக்கிறான். கூப்பிட்டுப் புல் வெட்டச் சொன்ன வீட்டுக்காரரே வந்து சொன்ன பிறகுதான் விட்டார்கள். வீடியோவை இன்னும் யாரும் நீக்கவில்லை.

பொதுமக்கள் ஒருவரைப் பிடிக்கலாமா என்றால், குற்றவியல் நடைமுறைச் சட்டம் 27-ஆம் பிரிவில் பதில் இருக்கிறது. ஜாமீனில் விட முடியாத, வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றத்தை அவன் நம் கண்முன்னால் செய்திருக்க வேண்டும். பிடித்த உடனே தாமதமில்லாமல் போலீசிடம் ஒப்படைக்க வேண்டும். இருட்டில் நின்றது குற்றமில்லை. அறைவதற்கு எந்தப் பிரிவும் இடம் தரவில்லை.

அடுத்த சந்தேகம் எப்போதும் நம் பிள்ளைகள்மேல்தான். பூப்பந்துத் திடல் கொட்டகையில் நாலைந்து பையன்கள் உட்கார்ந்திருப்பார்கள், முடிக்குச் சாயம், ஒய்15 மோட்டார், சத்தம். சத்தம் எனக்கும் எரிச்சல்தான், பொய் சொல்ல மாட்டேன். திருட்டு நடந்ததும் முதலில் அவர்களைத்தான் கேட்டார்கள், கேட்ட விதமும் நன்றாக இல்லை. ஒரு மாதம் கழித்து அதில் ஒரு பையன் பேன்ட் கால் வெட்ட என்னிடம் வந்தான். அளவு எடுக்கும்போது சொன்னான்: "ஆன்ட்டி, அந்த மோட்டார் மொத நாளே ரெண்டு வாட்டி பின்சந்துல சுத்துச்சு. நம்பர் பிளேட்டுல ஒரு பக்கம் டேப் ஒட்டியிருந்தான்." ஏன்டா சொல்லவில்லை என்றேன். "யாரு ஆன்ட்டி எங்ககிட்ட அப்படிக் கேட்டாங்க? நீ எடுத்தியான்னுதான் கேட்டாங்க."

ஊசியை வாயில் வைத்துக்கொண்டு நான் கொஞ்ச நேரம் பேசவில்லை. இந்தத் தாமானில் ஓடும் ஒவ்வொரு மோட்டாரையும் சத்தத்தை வைத்தே சொல்லக்கூடிய நாலு பேர் அந்தக் கொட்டகையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். நாம் 60 வெள்ளிக்கு முகம் தெரியாத ஒருவரைத் தேடுகிறோம்.

என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று கேட்பீர்கள். பெரிதாக ஒன்றுமில்லை. வீட்டுக்குப் பழுது பார்க்க ஆள் வரச் சொன்னால் எதிர்வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஒரு வார்த்தை. யாரும் சொல்லாத ஆள் வந்தால், இருப்பவர்கள் வெளியே வந்து "என்னங்க வேணும்?" என்று கேட்பது. அவ்வளவுதான், விரட்ட வேண்டாம், பிடிக்க வேண்டாம். கேள்வி விழுந்தாலே பாதிப் பேர் மோட்டாரைத் திருப்பிவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை. கேட்டில் செருகிய தாளை அடுத்த வீட்டுக்காரராவது எடுத்துப் போடலாம். பகல் குழு ஒன்று தனியாக, அதில் பாட்டிகளும் அந்தப் பையன்களும். அதில் பூப்படம் அனுப்பினால் நானே நீக்குவேன்.

அவசரத்துக்கு 999 அடிக்கும்போது எடுப்பவர் நம் ஊர்க்காரர் இல்லை. மூலை வீட்டுப் பாட்டி ஒரு தடவை "மாரியம்மன் கோயிலுக்குப் பின்னாடி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். வீட்டு எண், ஜாலான் பெயர், தாமான் பெயர், ஊர் நான்கையும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். பெருநாளுக்கு வீட்டைப் பூட்டிவிட்டுப் போகிறவர்கள் பாலாயில் பாரம் நிரப்பிக் கொடுக்கலாம், போலீசே கேட்டுக்கொள்கிறார்கள். ஆனால் நாம் பத்துமலையில் நின்று குடும்பத்தோடு படம் எடுத்து அங்கிருந்தே முகநூலில் போடுகிறோம். வீட்டில் யாரும் இல்லை என்று மைக் வைத்துச் சொல்வதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம்?

திருட்டுக்குப் பிறகு எல்லோரும் கிரில்லை இரட்டிப்பாக்கினார்கள், உள்ளே பெரிய பூட்டு. சாவி எங்கே என்று நாலு வீட்டில் கேட்டேன். ஒருவர் அலமாரிக்குள் என்றார், ஒருவர் மகன் காடிக்குள் (காருக்குள்) என்றார், மகன் வேலைக்குப் போயிருந்தான். தீ பிடித்தால் அந்தக் கம்பிக்குள்ளிருந்து எப்படி வருவீர்கள்? தீயணைப்பு இலாகா வருஷா வருஷம் சொல்வதுதான். சாவி கதவுப் பக்கத்தில் ஆணியில் தொங்க வேண்டும், வெளியிலிருந்து கை எட்டாத தூரத்தில், இருட்டிலும் குழந்தை எடுக்கும் உயரத்தில்.

நேற்று பத்தரை மணிக்கு மீட்டர் பார்க்கும் ஆள் வந்தார். தலையில் தொப்பி, இடுப்பில் பில் அடிக்கும் மெஷின். டீச்சர் வீட்டு முன்னால் நின்றார். நான் காலை மிதியிலிருந்து எடுத்துவிட்டு வெளியே போய், அட்டை காட்டச் சொன்னேன். முகம் கொஞ்சம் சுருங்கியது. இத்தனை வருஷத்தில் இந்தத் தாமானில் அட்டை கேட்ட முதல் ஆள் நான்தான் என்றார் மலாயில். காட்டினார், படமும் முகமும் ஒத்துப்போனது. வெயிலாக இருக்கிறது, தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டார், கொடுத்தேன். அவர் போனதும் டீச்சருக்குப் போன் அடித்து, ஆள் வந்துவிட்டுப் போனார், பில் தபால் பெட்டியில் இருக்கிறது என்றேன். எவ்வளவு என்று கேட்டார். எட்டிப் பார்த்துச் சொன்னேன், 43 வெள்ளி 60 சென்.