ஓட்டுப் போடும் முன் 1-ஆம் பிரிவைப் படியுங்கள்

அமெரிக்க விமானிகள் புது ஒப்பந்தத்துக்கு ஓட்டெடுப்பு நடத்தினால் வெளியே அடிபடுவது சம்பளக் கணக்கு மட்டும்தான். 2023 மார்ச்சில் டெல்டா ஏர்லைன்ஸ் விமானிகள் ஒப்பந்தத்தை ஏற்றபோது இங்கே அட்லாண்டாவில் எங்கு போனாலும் அதே பேச்சு. நாலு வருடத்தில் 34 சதவீதமாமே, கொடுத்து வைத்தவர்கள் என்று. அந்த ஒப்பந்தத்தில் சம்பளம் வருவது 3-ஆம் பிரிவில். 1-ஆம் பிரிவுக்குப் பெயர் ‘ஸ்கோப்’. கம்பெனியின் பெயரில் பறக்கும் விமானங்களில் எவற்றைச் சொந்த விமானிகள்தான் ஓட்ட வேண்டும், எவற்றை வெளிக் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்று கோடு போடுவது அந்தப் பிரிவு.

ஸ்கோப்பைத் தளர்த்திவிட்டு வாங்கும் சம்பள உயர்வு எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்த ஒப்பந்தத்தை விமானிகள் நிராகரிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

இந்த ஊரில் உள்நாட்டுப் பயணம் போனவர்களுக்குத் தெரிந்திருக்கும். டிக்கெட் டெல்டாவில் வாங்குகிறோம். விமானத்தின் வாலில் டெல்டா சின்னம். உள்ளே வரவேற்பதும் டெல்டா பெயரில்தான். ஏறும்போது கதவுப் பக்கம் பார்த்தால் சின்ன எழுத்தில் ஸ்கைவெஸ்ட் என்றோ எண்டவர் என்றோ வேறொரு பெயர் இருக்கும். அதுதான் ரீஜினல் கம்பெனி. முன்னால் உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரும் டெல்டா ஊழியர்கள் இல்லை. அவர்களுக்குச் சம்பளம் வேறு, சீனியாரிட்டி பட்டியல் வேறு. யுனைடெட், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனிகளிலும் இதே ஏற்பாடுதான். நம் ஊர் ஆலைகளில் நிரந்தரத் தொழிலாளியும் காண்ட்ராக்ட் தொழிலாளியும் ஒரே இயந்திரத்தில் நின்று வேறு வேறு கூலி வாங்குவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இந்த மூன்று பெரிய கம்பெனிகளிலும் இப்போது வெளியே கொடுக்க அனுமதி உள்ள பெரிய விமானம் 76 இருக்கை, 86,000 பவுண்டு எடை. ஆரம்பத்தில் இது 50 இருக்கையில் நின்றது. 1993-இல் காம்ஏர் என்ற ரீஜினல் கம்பெனி அமெரிக்காவுக்கு முதல் 50 இருக்கை ஜெட்டைக் கொண்டுவந்தபோது, இவ்வளவு சின்ன விமானத்தால் நமக்கென்ன நஷ்டம் என்றுதான் பெரிய கம்பெனி விமானிகள் பலரும் நினைத்தார்கள். 2001-க்குப் பிறகு கம்பெனிகள் வரிசையாகத் திவாலாயின. அந்த நெருக்கடியில் 50 என்பது 70 ஆனது, 70 என்பது 76 ஆனது. ஒருமுறை மேலே போன எண் திரும்பக் கீழே வரவில்லை.

அந்த எண்ணுக்கு இருக்கும் பலத்தைப் பாருங்கள். விமானம் செய்யும் எம்ப்ரேயர் கம்பெனி, ஈ175 என்ற தன் ரீஜினல் ஜெட்டுக்குப் புது எஞ்சின் போட்டு ஈ175-ஈ2 என்று ஒரு விமானம் செய்தது. எரிபொருள் மிச்சமாகும், ஆனால் எடை 86,000 பவுண்டைத் தாண்டிவிட்டது. விமானிகள் கோட்டை நகர்த்தவில்லை. முக்கியச் சந்தையான அமெரிக்காவில் விற்க வழியில்லாமல் அந்தத் திட்டமே நிறுத்தி வைக்கப்பட்டது. யுனைடெட்டுக்காக வந்த சிஆர்ஜே-550 இன்னொரு கதை. 70 பேர் உட்காரும் உடல், ஆனால் உள்ளே 50 இருக்கைதான். மீதி இடத்தில் பெட்டி வைக்கும் அலமாரியும் பயணிகள் தாங்களே நொறுக்குத்தீனி எடுத்துக்கொள்ளும் மேடையும். தொழிற்சங்க ஒப்பந்தத்தில் இருக்கும் ஒரு வரி, விமானத்துக்குள் எத்தனை இருக்கை போடலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. உலகத்தில் எத்தனை சங்கங்களுக்கு இந்தப் பலம் இருக்கிறது?

அந்தப் பலத்துக்கு விலை பேசியதுதான் டெல்டாவின் 2012 ஒப்பந்தம். சம்பளம் அந்த ஜூலையில் 4 சதவீதம், அடுத்த ஜனவரியில் 8.5, பிறகு இரண்டு வருடம் 3, 3. கூடவே, வெளியே பறக்கும் 76 இருக்கை விமானங்களின் உச்சவரம்பு 153-இலிருந்து 223 ஆகும். ஆதரித்தவர்கள் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. பதிலுக்கு 50 இருக்கை விமானங்கள் 125 ஆகக் குறையும், 88 போயிங் 717 விமானங்கள் சொந்த விமானிகள் கைக்கு வரும், மொத்தத்தில் வேலை பெருகும் என்றார்கள். எதிர்த்தவர்கள் கேட்டது ஒரே கேள்வி: எரிபொருள் விற்கும் விலைக்கு அந்த 50 இருக்கை விமானத்தைக் கம்பெனியே எப்படா தள்ளிவிடலாம் என்று காத்திருக்கிறது, அவர்கள் தூக்கிப் போடப்போகும் பொருளுக்கு நாம் ஏன் விலை கொடுக்க வேண்டும்? ஓட்டெடுப்பில் 62 சதவீதம் ஆதரவு, ஒப்பந்தம் நிறைவேறியது. 717 உண்மையாகவே வந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனாலும் கேள்வி கேட்டவர்கள் பக்கம்தான் நான். ஒரு விமானத்துக்கு ஏறக்குறைய பத்து விமானிகள் என்று வைத்தாலும், கூடுதலாக அனுமதித்த 70 விமானங்கள் 700 பேருக்கான வேலை. டெல்டா சம்பளத்தில் இருந்திருக்க வேண்டிய வேலை.

என்னை மிகவும் உறுத்துவது வேறு. அந்த 700 பேருக்கு அந்தத் தேர்தலில் ஓட்டு இல்லை. ஓட்டுப் போடுகிறவருக்கு 55 வயது, 65-இல் கட்டாய ஓய்வு. அவருக்கு 4 சதவீதம் அடுத்த மாதச் சம்பளக் காகிதத்தில் தெரியும். விளைவைச் சுமக்கப்போகிறவனுக்கு 22 வயது, பயிற்சிக்கு வாங்கிய கடன் தலைமேல், ரீஜினலில் வேலை கேட்டு நிற்கிறான். இதில் வேதனை என்னவென்றால், பல ரீஜினல் கம்பெனி விமானிகளும் டெல்டா விமானிகளும் ஆல்பா (ALPA) என்ற ஒரே விமானிகள் சங்கத்தின் உறுப்பினர்கள். 1931-இல் தொடங்கிய சங்கம். ஒரே சங்கத்துக்குள் ஒருவர் விட்டுக்கொடுப்பது இன்னொருவர் தலையில் விழுகிறது.

மதுரைக்காரன் ஒருவன் எனக்கு நெருங்கிய நண்பன். ரீஜினலில் முதல் அதிகாரியாக, அதாவது துணை விமானியாகச் சேர்ந்தபோது மணிக்கு இருபத்து சொச்சம் டாலர். அதுவும் கதவு மூடி விமானம் நகர்ந்த பிறகுதான் கணக்கு. காலையிலிருந்து விமான நிலையத்தில் காத்திருந்த நேரமெல்லாம் சும்மா. பணியிட ஊரில் வாடகை கட்ட முடியாமல் ‘க்ராஷ் பேட்’ என்கிற பங்கு வீட்டில் இருந்தான். ஒருமுறை போய்ப் பார்த்தேன். ஒரு அறையில் மூன்று இரட்டைக் கட்டில், ஒவ்வொரு கட்டிலுக்கும் பழைய போர்வையில் திரை. பகலில் தூங்குகிறவன் ஒருபக்கம், விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்புகிறவன் இன்னொரு பக்கம். “அண்ணே, நாளைக்கு அம்பது பேரோட உசுரு என் கையில. இங்க எப்படித் தூங்குறது?” என்று கேட்டான். என்னிடம் பதில் இல்லை.

2009 பிப்ரவரி 12 இரவு பஃபலோ அருகே கோல்கன் ஏர் என்ற ரீஜினல் கம்பெனியின் 3407 விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். டிக்கெட்டில் இருந்த பெயர் கான்டினென்டல். விபத்துக்கு நேரடிக் காரணம் வேகம் குறைந்து விமானம் விழப்போகிறது என்ற எச்சரிக்கைக்குக் கேப்டன் தவறாக எதிர்வினை ஆற்றியதுதான் என்று விசாரணை சொன்னது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் அந்த முதல் அதிகாரிப் பெண் சியாட்டிலிலிருந்து இரவெல்லாம் சரக்கு விமானங்களில் நியூவார்க் வந்து வேலைக்கு ஏறியவர். உடம்பு சரியில்லை, விடுப்புச் சொன்னால் ஓட்டல் செலவு தன் தலையில்தான் என்று அவர் பேசியது கறுப்புப் பெட்டிப் பதிவிலேயே இருக்கிறது. அதன் பிறகுதான் வேலையில் சேர 1,500 மணி நேரம் பறந்த அனுபவம் வேண்டும் என்ற விதி வந்தது.

மலிவான ரீஜினல் இல்லாவிட்டால் சின்ன ஊர்களுக்கு விமானமே வராது என்பார்கள். 2022-இல் ஸ்கைவெஸ்ட் 29 சின்ன ஊர்களை விட்டு விலக மனுப் போட்டதைக் காட்டுவார்கள். ஓட்ட ஆள் இல்லாததால்தான் விலகப் பார்த்தார்கள். வருடக்கணக்கில் அடிமட்டக் கூலி கொடுத்த தொழிலுக்கு யார் லட்சம் டாலர் கடன் வாங்கிப் படித்துவிட்டு வருவார்கள்? அதே வருடம் அமெரிக்கனின் துணைக் கம்பெனிகள் முதல் வருடச் சம்பளத்தை மணிக்கு 90 டாலர் ஆக்கின. அவ்வளவு நாளும் பணம் இல்லை என்று கையை விரித்தவர்கள்தான்.

ரீஜினல் விமானிக்கு வேலை நிலைக்கும் என்ற உறுதியும் கிடையாது. காம்ஏர் விமானிகள் 2001-இல் 89 நாள் வேலைநிறுத்தம் செய்து நல்ல ஒப்பந்தம் வாங்கினார்கள். கம்பெனியின் சொந்தக்காரர் டெல்டா. 2012 செப்டம்பரில், செலவு அதிகம் என்று சொல்லிக் காம்ஏரை மூடினார்கள். சீனியாரிட்டி கம்பெனியோடு போய்விடும். இருபது வருடக் கேப்டனும் வேறு இடத்தில் பட்டியலின் அடியிலிருந்து, முதல் வருடச் சம்பளத்தில் தொடங்க வேண்டும்.

டெல்டா ஒப்பந்தம் 2026 டிசம்பர் 31-இல் திருத்தத்துக்கு வருகிறது. எதிர்த்து ஓட்டுப் போட விமானிகள் பயந்தவர்கள் இல்லை. 2015-இல் டெல்டாவில் 65 சதவீதம் பேரும் 2022-இல் யுனைடெட்டில் 94 சதவீதம் பேரும் வேண்டாம் என்றார்கள், பிறகு இரண்டு இடத்திலும் அதைவிட நல்ல ஒப்பந்தம் வந்தது. என் பட்டியலில் இருக்கும் விமானி நண்பர்களே, உங்கள் வீட்டுப் பிள்ளைகள், உறவுக்காரப் பிள்ளைகள் யாராவது இப்போது பறக்கக் கற்றுக்கொண்டிருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்து 1-ஆம் பிரிவை வரிவரியாகப் படியுங்கள். 76 என்ற எண்ணோ 86,000 என்ற எண்ணோ மாறியிருந்தால், 3-ஆம் பிரிவைப் புரட்டாமலேயே எதிர்த்து ஓட்டுப் போடுங்கள்.