செவினாபான்ட் பதிவுக்கு ஒரு திருத்தம்

“செவினாபான்ட் மருந்து தலை, கழுத்துப் புற்றுநோயாளிகளின் ஆயுளை இரட்டிப்பாக்குகிறது, இனி கதிர்வீச்சே வேண்டாம்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். இது தவறான தகவல்.

புற்றுசெல்லைச் சாகவிடாமல் காக்கும் ஐ.ஏ.பி. புரதங்களை இந்த மருந்து தடுக்கும். கதிர்வீச்சில் அடிபட்ட செல் அதன்பின் தப்பிக்க முடியாது என்பதுதான் எதிர்பார்ப்பு. அதனால் கதிர்வீச்சு, சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து இரண்டோடும் சேர்த்தே சோதித்தார்கள், அவற்றுக்குப் பதிலாக அல்ல.

இரட்டிப்பு என்பது 96 பேர் மட்டும் இருந்த இரண்டாம் கட்ட ஆய்வில் வந்தது: ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 53 சதவீதம், இந்த மருந்து மட்டும் இல்லாத குழுவில் 28. சரி, அப்புறம் நடந்ததைப் பதிவில் காணோமே! 730 பேரை வைத்து நடத்திய ட்ரைலின்எக்ஸ் ஆய்வைப் பலன் கிடைக்காது என்று 2024 ஜூனில் ஜெர்மனியின் மெர்க் நிறுவனமே கைவிட்டது. மருந்து எடுத்தவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவுகள்தான் கூடின.

வாய்ப்புண்ணோடு, எச்சில் விழுங்கவே முடியாமல், பாதிக் கதிர்வீச்சில் இருக்கும் ஒருவர் இதைப் படித்துச் சிகிச்சையை நிறுத்திவிட்டால் என்ன ஆகும்? தயவுசெய்து பதிவைத் திருத்துங்கள்.