அந்தக் கோழியின் காலைப் பிடித்தபோது

போன தீபாவளிக்குக் கறி எடுக்கப் போயிருந்தேன். கடையில் நல்ல கூட்டம். உதவிக்கு இருக்கும் பையன் அன்று வரவில்லை, கடைக்காரர் ஒற்றை ஆளாக அல்லாடிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் கூண்டிலிருந்து ஒரு கோழியை எடுத்துத் தராசில் நிறுத்தினார். "அண்ணா, கொஞ்சம் காலைப் புடிச்சுக்குங்க" என்று என் கையில் கொடுத்துவிட்டு, முன்னால் வாங்கியவருக்குச் சில்லறை எண்ணப் போய்விட்டார்.

முப்பது வருடத்துக்கு மேலாகக் கோழி தின்கிறேன். உயிருள்ள பிராய்லர் கோழியைக் கையில் பிடித்தது அன்றுதான். கால் அவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது கத்தவில்லை. தலைகீழாகத் தொங்கியபடி கழுத்தை மட்டும் மேலே வளைத்து வளைத்துப் பார்த்தது. இன்னொரு கையை நெஞ்சுக்கு அடியில் கொடுத்துத் தாங்கினேன். இதயம் அடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது.

அவர் வந்து வாங்கி, கழுத்தை அறுத்து, நீல டிரம்முக்குள் போட்டார். உள்ளே ஏற்கெனவே இரண்டு கிடந்தன, அதில் ஒன்று இன்னும் அடங்கவில்லை. அதன் மேல் இது விழுந்தது. டிரம் அதிர்ந்தது. மனதுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். நாற்பது வரை எண்ணியபோதும் சத்தம் நிற்கவில்லை.

அதற்குப் பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். அந்தத் துடிப்பு முழுவதும் வலி அல்ல, நினைவு தப்பிய பிறகும் உடல் துடிக்கும். ஆனால் அறுத்த உடனே நினைவு போய்விடுவதும் இல்லை. கழுத்தின் இரண்டு பக்கத்துப் பெரிய ரத்தக் குழாய்களும் சரியாக அறுபட்டால் சீக்கிரம் மயங்கும். அவசரத்தில் ஒன்று தப்பிவிட்டால் மயங்க அதிக நேரம் ஆகும். அந்த நேரத்தை அது டிரம்முக்குள் மற்ற கோழிகளுக்கு அடியில் கழிக்கிறது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் கறி தின்பதை விடவில்லை, விடச் சொல்லி இதை எழுதவும் இல்லை. நம் ஊரில் கறியைப் பற்றிப் பேசினாலே அது சாதியில் போய் முட்டும். "வெஜிடேரியன் மட்டும்" என்று பலகை மாட்டி வீடு தர மறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். டிபன் பாக்ஸைத் திறக்கக் கூசி ஒதுங்கி உட்கார்ந்து சாப்பிட்ட பிள்ளைகளோடு படித்திருக்கிறேன். அந்த அவமானத்தைக் கருணை என்ற பெயரில் செய்தவர்களிடம் எனக்கு எந்தப் பேச்சும் இல்லை. ஆனால் இதில் நமக்கு ஒரு நட்டம் நடந்துவிட்டது. அவர்களுக்குப் பதில் சொல்லியே பழகிவிட்டதால், மிருகம் எப்படிச் சாகிறது என்று கறி தின்கிற நாம் நமக்குள் பேசிக்கொள்ளவே இல்லை. பேசினால் அவர்கள் பக்கம் சாய்ந்தது போல ஆகிவிடும் என்று ஒரு பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

என் அம்மாயி வீடு காங்கேயம் பக்கம். கோழி இல்லாத நாளே அங்கே கிடையாது. மறுநாள் விருந்தாள் வருகிறார்கள் என்றால் முந்தின ராத்திரியே சேவலைப் பிடித்துக் கூடையில் கவிழ்த்துவிடுவார். காலையில் துரத்திப் பிடித்தால் அது மிரண்டு போகும், கறியும் விறைத்துப் போகும் என்பார். குஞ்சுகளோடு திரிகிற கோழியை அறுக்க விடவே மாட்டார். அறுத்த பிறகு அடங்கும் வரை மாமா காலையும் இறக்கையையும் சேர்த்துப் பிடித்தபடி நிற்பார். அதைக் கீழே போட்டு நான் பார்த்ததில்லை.

கோயிலில் கிடாய் வெட்டும்போது மஞ்சள் தண்ணீர் தெளித்துவிட்டு, அது சிலுப்பும் வரை காத்திருப்பார்கள். சிலுப்பினால்தான் சம்மதம். தண்ணீர் பட்டால் எந்த ஆடும் சிலுப்பத்தான் செய்யும் என்பது அங்கே நிற்கிற எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் சில சமயம் கால் மணி நேரம்கூட ஊரே வாய் மூடி நிற்கும். உன்னைக் கொல்லப் போகிறோம் என்பதை அதன் முகத்துக்கு நேரே ஒப்புக்கொண்டு நின்ற நேரம் அது என்று இப்போது தோன்றுகிறது.

கோயிலில் பலியிடுவதைத் தடுக்கும் சட்டம் இங்கே 1950-லேயே வந்தது. 2003-இல் அதைக் கறாராக அமல்படுத்தப் பார்த்தார்கள், எதிர்ப்பு கிளம்பி 2004-இல் சட்டமே ரத்தானது. எதிர்த்தவர்கள் பக்கம்தான் நியாயம் என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். எல்லோர் கண் முன்னும் வருடத்துக்கு ஒரு முறை நடப்பதைத் தடுக்கச் சட்டம் போட்டார்கள். தெருத் தெருவாக டிரம்முக்குள் தினமும் நடப்பதை யாரும் எட்டிப் பார்க்கவில்லை.

டிரம் கடைசிக் கட்டம்தான். பல்லடம் பக்கம் என் பங்காளி ஒருவர் கோழிப் பண்ணை வைத்திருக்கிறார். "குஞ்சும் கம்பெனியோடது, தீவனமும் கம்பெனியோடது. செட்டும் கரண்ட் பில்லும்தான் நம்மளுது" என்பார். கிலோவுக்கு இவ்வளவு என்று வளர்ப்புக் கூலி வரும். நாற்பது நாள் சுமாருக்கு ஒரு கோழி இரண்டு கிலோ ஏறிவிடுகிறது. அந்த எடையைக் கால் தாங்காமல் உட்கார்ந்தே கிடக்கும் கோழிகளை அவருடைய செட்டில் பார்த்தேன். கடைக்கு அனுப்ப ஆட்கள் வந்து கோழி பிடிப்பது பெரும்பாலும் ராத்திரியில். ஒரு கையில் நான்கைந்தைக் காலோடு சேர்த்துத் தூக்கிப் பெட்டியில் அடைக்கிறார்கள். நின்று நிதானமாகப் பிடித்தால் அவர்களுக்குக் கூலி கட்டாது. இறக்கை ஒடிகிறது, கால் பிசகுகிறது. சித்திரை வெயிலில் வழியிலேயே செத்துப்போகிறவையும் உண்டு. அப்புறம் சில்லறைக் கடைக்கு வண்டி ஹேண்டில்பாரில் இரண்டு பக்கமும் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டுபோவதை நாம் எல்லோரும் சிக்னலில் நின்று பார்த்திருக்கிறோம். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டோம், நானும்தான்.

சட்டம் இல்லாமல் இல்லை. மாநிலங்களவையில் ருக்மிணி தேவி அருண்டேல் விடாமல் முயன்றதன் பலனாக மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. உணவுக்காகக் கொல்வதை அந்தச் சட்டம் குற்றமாக்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தது: தேவையற்ற வலி கொடுக்கக் கூடாது. அந்த "தேவையற்ற" என்ற சொல்லில்தான் என் மனம் நிற்கிறது. கோழியை அறுப்பது எனக்குத் தேவை என்றே வைத்துக்கொள்வோம். அறுபட்ட கோழியை இன்னொன்றின் மேல் வீசுவது யாருக்குத் தேவை? தலைகீழாகப் பத்து கிலோமீட்டர் தொங்கவிடுவது யாருக்குத் தேவை? சட்டத்தில் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. பல பத்து வருடங்களுக்கு முன் எழுதிய தொகை, இன்னும் அதேதான்.

2001-இல் வந்த இறைச்சிக்கூட விதிகள், ஒரு மிருகத்தின் கண் முன் இன்னொன்றை அறுக்கக் கூடாது என்கின்றன. இஸ்லாமிய மரபிலும் இது இருக்கிறது. கத்தி கூராக இருக்க வேண்டும், அதை மிருகத்தின் கண்ணெதிரே தீட்டக் கூடாது, ஒன்றின் முன் மற்றொன்றை அறுக்கக் கூடாது. இவ்வளவு பழைய பாடம் இது. நம் தெருக் கடையில் கூண்டும் கத்தியும் டிரம்மும் ஒரே மூன்றடிக்குள் இருக்கின்றன. கோழியை விலங்கு என்று கொள்வதா என்ற கேள்வியே 2023-இல் குஜராத் உயர்நீதிமன்றத்தில் எழுந்தது. விலங்குதான் என்று அரசுத் தரப்பு சொல்ல வேண்டியிருந்தது.

கடைக்காரர்களைக் குற்றம் சொல்ல நான் வரவில்லை. பண்டிகை நாளில் விடியற்காலையிலிருந்து நின்றபடியே அறுக்கிறார்கள். தோள்பட்டை இறங்கிவிடுகிறது, கத்தியைத் தீட்ட நேரம் கிடைப்பதில்லை. "சீக்கிரம்ணா" என்று அவசரப்படுத்துவது யார்? வரிசையில் நிற்கும் நாம். அந்த வேலையை நமக்காகச் செய்கிறவரின் தொழில் பெயரையே வசைச்சொல்லாகவும் வைத்திருக்கிறோம். எனக்கு இது மிகவும் உறுத்துகிறது.

"கடைசியில் தின்னத்தானே போறீங்க, அப்புறம் என்ன கருணை?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். தின்கிறேன் என்பதால்தான் கேட்கிறேன். தின்னாதவர் இதற்கு ஏன் பொறுப்பேற்க வேண்டும்? காசு கொடுத்தது நான், வரிசையில் நின்றது நான்.

நான் கேட்பது பெரிய விஷயம் இல்லை. தகரத்தில் கூம்பு செய்து சுவரில் மாட்டி, கோழியைத் தலைகீழாக அதில் இறக்கி அறுப்பார்கள். இறக்கை அடிக்க இடமிருக்காது, உடல் அலைக்கழியாது, கழுத்து நேராக நிற்பதால் வெட்டும் சரியாக விழும். சில கடைகளில் ஏற்கெனவே இருக்கிறது. கூண்டுக்கும் அறுக்கும் இடத்துக்கும் நடுவில் ஒரு தடுப்பு. கத்தி தீட்ட நேரம். அடங்கிய பிறகே டிரம். இதற்காகக் கிலோவுக்குப் பத்து ரூபாய் கூடுதலாகக் கேட்டால் தருகிறேன். நகராட்சி உரிமம் கொடுக்கும்போதே இதையெல்லாம் நிபந்தனையாக வைக்கலாம். எங்கள் நகராட்சிக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன், இன்னும் பதில் வரவில்லை.

அந்தக் கடைக்காரரிடமும் பேசினேன். முதலில் வித்தியாசமாகப் பார்த்தார். கூம்பு மாட்டச் சுவரில் இடம் இல்லை என்றார், அது உண்மைதான், கடை அவ்வளவு சின்னது. கூண்டின் மேல் ஒரு சாக்கைத் தொங்கவிட்டிருக்கிறார். நான் வாங்கும் கோழியை அறுத்ததும் டிரம்மில் போடாமல், அடங்கும் வரை கையிலேயே பிடித்துக்கொண்டு நிற்கிறார். கூட்டமாக இருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் உள்ளே போய்ப் பிடித்துக்கொள்கிறேன்.