ஊட்டித் தண்ணீரில் ஆக்சிஜன் கூடுதலா?

"ஊட்டித் தண்ணீர் குளிர்ந்தது, அதனால் ஆக்சிஜன் ஏராளம், செடிகளும் இருந்தால் மீன் தொட்டிக்குக் காற்று பம்ப் தேவையே இல்லை" என்று மீன் வளர்ப்பு பற்றிய உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். குளிர்ந்த நீரில் ஆக்சிஜன் அதிகம் கரையும் என்பது உண்மைதான். ஆனால் மலையின் உயரத்தை மறந்துவிட்டீர்கள்.

ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறையும். கடல்மட்டத்தில் 15 டிகிரி நீர் லிட்டருக்குச் சுமார் 10 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். இங்கே 7.7 அளவில் நின்றுவிடும். சென்னையில் 28 டிகிரித் தொட்டியிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான்! வெதுவெதுப்பான நீர் கேட்கும் நியான் டெட்ரா மீனுக்காக ஹீட்டர் போட்டு 25 டிகிரிக்கு ஏற்றினால் 6.3க்கு இறங்கும். மீனுக்கு அது போதும். ஆனால் இரவுக்கென்று பெரிய கையிருப்பு இல்லை.

செடிகள் வெளிச்சம் உள்ளவரைதான் ஆக்சிஜன் தரும். விளக்கை அணைத்ததும் அவையும் மீன்களோடு பங்குக்கு வந்துவிடும். ஓர் இரவு, செடிகளுக்காக வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டரை மூட மறந்துவிட்டேன். விடியற்காலையில் என் டெட்ராக்கள் அத்தனையும் நீர்ப்பரப்பில் வாய் பிளந்து நின்றன. நல்லவேளை, பிழைத்துக்கொண்டன.

பம்ப்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. ஃபில்டரின் வெளியேற்றுக் குழாயைச் சற்று உயர்த்தி, நீர்ப்பரப்பு இரவு முழுவதும் அலையும்படி வைத்தாலே போதும். ஹீட்டர் இல்லாமல், குளிர் தாங்கும் ஒயிட் கிளவுட் மீனும் ஜாவா மாஸ் என்ற பாசிச் செடியும் வளர்க்கலாம் என்று நீங்கள் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை.