காஞ்சு கிடக்கிற அணையைத்தான் முதல்ல செக் பண்ணணும்

பழைய வெள்ளத் தடுப்பு அணையைப் பத்திப் பேச்செடுத்தாலே "இத்தனை வருஷமா நிக்குது, இனிமே என்ன ஆயிடப்போகுது"ன்னு சொல்றாங்க. அதைக் கேட்டாலே எனக்கு வயித்தைக் கலக்குது. இந்த மாதிரி அணையில தண்ணியைச் சேர்த்து வைக்கிறதில்ல, வர்ற வெள்ளத்தைக் கொஞ்ச நேரம் பிடிச்சு வச்சு அடியில இருக்கிற குழாய் வழியா மெதுவா விடுவாங்க, அவ்வளவுதான், பல இடத்துல ஷட்டரே கிடையாது. மத்த நாளெல்லாம் காஞ்சுதான் கிடக்கும்.

சிக்கலே அங்கதான். வருஷம் முழுக்கத் தண்ணி நிக்கிற அணைன்னா கசிவு இருந்தா கண்ணுல பட்டுடும், யாராவது பார்த்துச் சொல்லிடுவாங்க. இதுல மண் கரை காஞ்சு வெடிச்சிருக்கும், எலி பெருச்சாளி வளை தோண்டியிருக்கும், மரத்து வேர் உள்ள இறங்கியிருக்கும், இரும்புக் குழாயா இருந்தா துருப்பிடிச்சு ஓட்டை விழுந்து சுத்தியிருக்கிற மண்ணு கொஞ்சம் கொஞ்சமா அரிச்சுட்டுப் போயிருக்கும், வெளிய இருந்து பார்த்தா பச்சைப்புல்லு மூடின அழகான கரை. பல அணை கட்டின நாள்ல இருந்து ஒரு தடவைகூட முழுசா ரொம்பியிருக்காது. அப்புறம் எதை வச்சு "ஸ்ட்ராங்கா இருக்கு"ன்னு சொல்றோம்? அதுக்கான பரீட்சை வர்றதே பேய்மழை கொட்டுற ஒரு ராத்திரியிலதான்.

வயசு மட்டுமே குத்தம்னு நான் சொல்லல. அமெரிக்காவுல ஒஹையோவுல 1913 வெள்ளத்துக்கு அப்புறம் மியாமி ஆத்துப் பக்கம் அஞ்சு அணை கட்டினாங்க, 1922ல வேலை முடிஞ்சது, இன்னிக்கும் ஊரைக் காப்பாத்துது, ஏன்னா அதைப் பார்த்துக்கவே தனி அமைப்பு இருக்கு. லிபியாவுல டெர்னாங்கிற ஊருக்கு மேல 1970கள்ல கட்டின ரெண்டு அணையும் வெள்ளத்தைத் தடுக்கக் கட்டினதுதான். பராமரிப்பு சரியில்லன்னு எச்சரிக்கை வந்தும் வேலை நடக்கல, 2023 செப்டம்பர்ல ஒரே ராத்திரியில ரெண்டும் போச்சு, ஆயிரக்கணக்கான உயிரும் போச்சு.

இன்னொண்ணு, அணை கட்டினப்ப கீழ வயலா இருந்த இடம் இப்ப வீடா இருக்கும். அணை மாறல, ஆனா உடைஞ்சா போற உயிர் எத்தனைங்கிற கணக்கு மாறிடுச்சு. அணையை வகை பிரிக்கிறப்ப "ஹை ஹசார்ட்"னு (அதிக ஆபத்து) போட்டிருந்தா அணை பழுதாயிடுச்சுன்னு அர்த்தமில்ல, உடைஞ்சா உயிர் போகும்னு அர்த்தம், இதைப் பலபேர் குழப்பிக்கிறாங்க. கட்டினப்ப சாதாரண கேட்டகரியில இருந்த அணையை இன்னைக்கு நிலவரத்துக்குத் திரும்பக் கணக்குப் போடணும், உபரித் தண்ணி போற கலிங்கு இன்னைக்கு வர்ற மழைக்குப் பத்துமான்னும் பார்க்கணும். வண்டல் சேர்ந்து கொள்ளளவு வேற குறைஞ்சிருக்கும்.

குழாய்க்குள்ள கேமரா விட்டுப் பாருங்க, கரையில சின்னதா இருக்கும்போதே மரத்தை எடுங்க, குழாய் வாய்ல அடைச்சிருக்கிற குப்பையை மழைக்கு முன்னாடியே அள்ளுங்க. உடைஞ்சா தண்ணி எந்தத் தெரு வரைக்கும் வரும், எவ்வளவு நேரத்துல வரும்னு மேப் போட்டு கீழ குடியிருக்கிறவங்க கையில குடுங்க, ஆபீஸ் பீரோவுல வச்சுப் பூட்டாதீங்க.