மாண்டிஸ் இறால் என்ற கடல் உயிரினத்துக்கு நம்மைவிடப் பல மடங்கு நிறங்கள் தெரியுமா?

"நம் கண்ணில் 3 வகை நிற உணர்வணுக்கள், மாண்டிஸ் இறாலுக்கு 12, ஆகவே நாம் கற்பனைகூடச் செய்ய முடியாத நிறங்களை அது பார்க்கிறது" என்ற தகவல் சுற்றி வருகிறது. எண்ணிக்கை சரி, முடிவு தவறு.

2014இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வில், உணவைப் பரிசாகக் கொடுத்து, குறிப்பிட்ட நிறத்தைத் தேர்ந்தெடுக்க இவற்றைப் பழக்கினார்கள். பிறகு பக்கத்தில் இன்னொரு நிறத்தைக் காட்டி, இரண்டின் அலைநீள (ஒளியின் நிறத்தைத் தீர்மானிக்கும் அளவு) இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். இடைவெளி 12–25 நானோமீட்டராகச் சுருங்கியதும் அவை தடுமாறின. மனிதக் கண்ணோ 1–4 நானோமீட்டர் வித்தியாசத்தையே பிரித்துவிடும்!

நம் மூளை 3 வகை உணர்வணுக்களின் சமிக்ஞைகளை ஒப்பிட்டு இடைநிறங்களைக் கணிக்கிறது. மாண்டிஸ் இறால் அப்படி ஒப்பிடுவதில்லை, எந்த உணர்வணு தூண்டப்பட்டது என்பதை நேரடியாகவே படிக்கிறது என்பது ஆய்வாளர்களின் கருத்து. நுணுக்கம் போனாலும் வேகம் கிடைக்கும். பவளப்பாறைப் பொந்தில் பதுங்கி, இரை வந்ததும் பாய்ந்து அடிக்கும் உயிரினத்துக்கு அது லாபம்தான்.

வியக்க வேண்டியது வேறு: புற ஊதாக் கதிரை அது காண்கிறது; சில இனங்கள் வட்ட முனைவாக்க ஒளியையும் (அலையின் அதிர்வுத் திசை சுருள்போலச் சுழன்றபடி செல்லும் ஒளி) உணர்கின்றன.