எக்ஸ்டென்ஷன் என்ற பெயரில் ஒரு பேப்பர் வேட்டை

ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல். அசைன்மெண்டைக் கடைசித் தேதி தாண்டி, திங்கட்கிழமை தருகிறேன், எக்ஸ்டென்ஷன் தாருங்கள் என்கிறாள். தந்துவிட்டுப் போகட்டுமே, வானம் இடிந்தா விழுந்துவிடும்? ஆனால் ஆஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகப் பாடத்துக்குப் பொறுப்பாக இருந்து பாருங்கள். "சரி" என்று ஒரு வார்த்தை சொல்வதற்குள் எத்தனை படிவம், எத்தனை மின்னஞ்சல், எத்தனை அத்தாட்சி! செமஸ்டர் பாதி தாண்டினாலே எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

முதலில் இந்த டாக்டர் சர்டிபிகேட் கூத்து. இரண்டு நாள் காய்ச்சலுக்கு டாக்டர் என்ன சொல்வார்? தண்ணீர் குடி, படுத்துத் தூங்கு என்பார். அதைக் கேட்க, வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை பல கிளினிக்குகளில் முதலில் பணத்தைக் கட்டிவிட்டு, அப்புறம் இன்சூரன்ஸ்காரரிடம் ஒரு பகுதியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். விவரமான பிள்ளையோ போனில் நாலு கேள்விக்குப் பதில் தட்டி, கொஞ்சம் டாலர் கட்டி, படுக்கையில் இருந்தபடியே ஆன்லைனில் ஒன்று வாங்கிவிடுகிறது. படிவத்துக்கு இரண்டும் ஒன்றுதான். அப்படியானால் யாரைப் பிடிக்க இந்தச் சல்லடை?

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாணவன் ஒருவன். ஊரில் அம்மம்மா தவறிவிட்டார். விண்ணப்பம் போட்டான். மரணச் சான்றிதழ் கேட்டார்கள். மாமா அலைந்து திரிந்து எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பினார். தமிழில் இருக்கிறது, 'நாட்டி' (மொழிபெயர்ப்பாளர்களுக்குச் சான்று தரும் ஆஸ்திரேலிய அமைப்பு) அங்கீகாரம் பெற்ற மொழிபெயர்ப்பாளரிடம் கொடுத்து ஆங்கிலத்தில் கொண்டுவா என்று பதில். நானும் தமிழ்தான், ஒரே மூச்சில் படித்துச் சொல்லிவிடுவேன். அது செல்லாதாம். காசு கொடுத்து மொழிபெயர்ப்பும் வாங்கினான். அதன் பிறகு வந்தது அடுத்த கேள்வி: 'நெருங்கிய குடும்பம்' என்பதில் பாட்டி அடக்கமா? "அம்மம்மாதான் மிஸ் என்னை வளர்த்தவா" என்றான் என்னிடம். அதை எந்தப் பெட்டியில் டிக் அடிப்பது? ஊரில் முப்பத்தொன்றாம் நாள் அந்தியேட்டிச் சடங்கே முடிந்துவிட்டது, இவனுக்கு முடிவு வரவில்லை. அதற்குள் தூக்கமில்லாமல் எதையோ எழுதி நேரத்துக்கே போட்டுவிட்டான். அதற்கு நான் மார்க் போட வேண்டும்.

மாற்றுத்திறனாளி மாணவர் கதை இன்னும் மோசம். அவர்களுக்கு எதிரான பாகுபாட்டைத் தடைசெய்து 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. 2005-இல் கல்விக்கென்று தனியாகத் தரவிதிகளும் வந்தன. மாணவரைக் கலந்துபேசி நியாயமான மாற்றங்களைச் செய்து தர வேண்டும் என்பது கல்வி நிறுவனத்தின் கடமை. நடப்பது என்ன? ஆதரவு அலுவலகம் ஒரு கடிதம் தரும். அதில் 'தேவைப்படும்போது நியாயமான கால நீட்டிப்பு' என்று ஒரு வரி. எத்தனை நாள்? யார் முடிவு செய்வது? ஒன்றும் இருக்காது. செமஸ்டருக்கு நாலு பாடம் என்றால் அந்தப் பிள்ளை நாலு பேருக்கு மின்னஞ்சல் எழுதி, தன் நோயை நாலு தடவை விவரித்து, நாலு விதமான பதிலை வாங்க வேண்டும். அடுத்த செமஸ்டரில் மறுபடியும் அதே கதை. மனப்பதற்றத்துக்குச் சிகிச்சை எடுக்கிற பிள்ளையை முன்பின் தெரியாத நாலு பேரிடம் கெஞ்ச வைப்பதற்குப் பெயர் ஆதரவு!

எங்கள் பக்கத்துக்கு வாருங்கள். ஆன்லைன் தேர்வில் இப்படிப்பட்ட மாணவர் ஒருவருக்கு மணிக்கு 15 நிமிடம் கூடுதல் என்று வைத்துக்கொள்வோம். தேர்வு ஒன்றரை மணி நேரம் என்றால் இருபத்திரண்டரை நிமிடம். அந்த அரை நிமிடத்தை என்ன செய்ய? 23 என்று போடுகிறேன். ஒவ்வொரு பெயராகத் தேடி, ஒவ்வொரு தேர்வுக்கும் தனித்தனியாக, கையால். நேரத்தைக் கூட்டினால் மட்டும் போதாது, தேர்வு மூடும் நேரத்தையும் அந்தப் பெயருக்குத் தள்ளி வைக்க வேண்டும். இல்லாவிட்டால் 5 மணிக்கு எல்லோருக்கும் போல அவருக்கும் கதவு சாத்திக்கொள்ளும், கூடுதல் நேரம் காகிதத்தில் மட்டும் இருக்கும். யாருக்கு என்ன கொடுத்தேன் என்பதற்கு நானே ஒரு எக்ஸல் வைத்திருக்கிறேன். மாணவர் பதிவு ஒரு மென்பொருள், கடிதங்கள் இன்னொன்று, மார்க் வேறொன்று. மூன்றும் ஒன்றோடொன்று பேசாது, நடுவில் தூது போவது நான்.

கடைசி நீட்டிப்பு முடியும்வரை விடைகளை வகுப்பில் பேச முடியாது. நேரத்துக்குக் கொடுத்தவர்கள் "மார்க் எங்கே?" என்கிறார்கள், அதுவும் நியாயம்தான். தாமதமாக வரும் தாள்களைத் திருத்த வேண்டிய தற்காலிக ஆசிரியருக்கு அதற்குள் ஒப்பந்த மணிநேரம் தீர்ந்திருக்கும். ஓசியில் திருத்து என்று எந்த முகத்தோடு கேட்பது? மெல்பர்ன் பல்கலைக்கழகம் ஊழியர் 25,000-க்கும் மேற்பட்டோருக்கு 7.2 கோடி டாலருக்கு மேல் சம்பள பாக்கி தர 2024 டிசம்பரில் ஒப்புக்கொண்டது. திருத்திய நேரத்துக்குக் கூலி போடாமல், இத்தனை சொல்லுக்கு இவ்வளவு நேரம் என்று கணக்குப் பார்த்ததும் அந்த விவகாரத்தில் ஒரு பகுதி. ஆகவே அந்தத் தாள்கள் என் மேசைக்கே வருகின்றன, ஞாயிற்றுக்கிழமை.

இதற்கிடையில் "வெளி உலகில் யார் எக்ஸ்டென்ஷன் தருவார்கள்?" என்று கேட்கிற பேராசிரியர்கள் வேறு. ஐயா, கான்பரன்ஸ்காரன் கட்டுரை அனுப்பும் கடைசித் தேதியை ஒரு வாரம் தள்ளி வைத்தால் முதலில் கை தட்டுவது நீங்கள்தானே!

நான் ஒன்றும் நிலவைக் கேட்கவில்லை. சில நாள் அவகாசத்துக்கு எந்த அத்தாட்சியும் கேட்காதீர்கள், பட்டனைத் தட்டினால் தேதி தானாகத் தள்ளிப் போகட்டும். மாற்றுத்திறனாளி மாணவரின் ஏற்பாட்டை ஒரே இடத்தில் ஒரு முறை பதிந்தால் எல்லாப் பாடத்துக்கும் போய்ச் சேரட்டும். திருத்துகிற மணிநேரத்தை நீட்டிப்போடு சேர்த்துக் கணக்குப் பண்ணுங்கள். அடுத்த துறைக் கூட்டத்தில் "ஆசிரியர்கள் எக்ஸ்டென்ஷனை அள்ளி விடுகிறார்கள்" என்று எவராவது ஆரம்பித்தால், அந்த எக்ஸலை ப்ரொஜெக்டரில் போட்டு ஒவ்வொரு வரியாக வாசிக்கப் போகிறேன், பெயர்களை மட்டும் மறைத்துவிட்டு.